சிவப்பு நூல் கட்டிய பட்டை

விழுப்புரம்
28 ஜூலை 2024

அன்புள்ள வெனிலாவுக்கு,

நீயும் உன்னோடு இருக்கும் மற்ற நவதுறவியரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். விடியற்காலை நாலரைக்கு மணி அடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வீட்டில் உன் போர்வையை இழுத்து இழுத்து எனக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். இந்தக் கடிதத்தை உனக்கு முன்பே படிக்கப்போகிற மதருக்கும் என் வணக்கம். திண்டிவனம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். மாதம் ஒரு கடிதம், போன் கிடையாது என்ற உங்கள் மடத்து விதி அதை வெளிநாடு ஆக்கிவிட்டது.

ஒரு உதவி வேண்டும். இத்துடன் வரும் பொட்டலத்தில் சில பட்டைகள் இருக்கின்றன. பாலிதீன் பையைக் கிழித்தது மாதிரி தெரியும். பாலிதீன் இல்லை. மரவள்ளி மாவில் மல்லாட்டைக் கடலை ஓட்டின் நாரைக் கலந்து காய்ச்சி, மெல்லிய தாளாக உலர்த்தியது. இரண்டு வருஷமாக இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்துகொண்டிருப்பது இதைத்தான். தர்பூசணிப் பாத்தியின் மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறார்களே, அதற்குப் பதில் இதை விரிக்கலாம். அறுவடை முடிந்து உழுதால் மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும். கூட்டேரிப்பட்டில் சின்ன ஃபேக்டரி வைத்திருக்கும் கோகுலகிருஷ்ணன் சார் இதை மெஷினில் ஓட்டத் தொடங்கியிருக்கிறார்.

உண்மையிலேயே மண்ணாகிறதா என்று புதைத்துப் பார்க்க வேண்டும். இங்கே சுற்றிலும் சிமெண்ட். உங்கள் தோட்டத்துக்கு மதில் இருக்கிறது, நாய் கிளறாது, தினமும் தண்ணீர் விடுகிறீர்கள். ஒரு சாண் ஆழத்தில் புதை. தோண்டும்போது கண்டுபிடிக்க வசதியாக ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் நைலான் நூலை முடிந்திருக்கிறேன். நீல நூல் கட்டியவை நான் கையால் ஊற்றியவை. சிவப்பு நூல் மெஷினில் வந்தவை. மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

மாதம் ஒருமுறை தோண்டி, கண்ணில் பட்டதை மட்டும் எழுது.

உன் ஜெபத்தில் எனக்கும் ஒரு இடம் வை.
அக்கா அமல்ராணி


திண்டிவனம்
18 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். உன் இருமல் விட்டதா? மிளகுக் கஷாயம் வைத்துக் குடி என்றால் கேட்கமாட்டாய்.

பொட்டலம் வந்தது. மதர் ஒரு பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இதுக்கா உங்க அக்கா ரெண்டு வருஷம் படிச்சா? கறிக்கடையில இதே பையில கட்டித் தர்றானே” என்றார். விளக்கிச் சொன்னேன். “சரி, புதை. செபத்துக்கு மணி அடிச்சா மட்டும் மண்வெட்டியைப் போட்டுட்டு வந்துடணும்” என்றார்.

முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் புதைத்து, அடையாளத்துக்குக் குச்சி நட்டிருக்கிறேன். சமையல்கட்டு லூர்து சிஸ்டருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர் தினமும் காலையில் ஒரு பக்கெட்டோடு தோட்டத்தைச் சுற்றி, காற்றில் பறந்து வந்த பால் கவரையெல்லாம் பொறுக்குகிறவர். “மண்ணுல காயிதம் கெடந்தா எனக்குச் சோறு எறங்காது” என்பார். நான் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைப் புதைத்தேன் என்று தெரிந்தால் முதலில் என்னைத்தான் பக்கெட்டில் போடுவார்.

அப்பா மறுபடியும் தர்பூசணி போடப்போகிறாரா? நம் மாடு சிவலை செத்தபோது இனி ஷீட்டே தொடமாட்டேன் என்றாரே.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் திருவருகைக்காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை கடிதம் போகாது, வராது. வந்தாலும் மதர் மேசையிலேயே காத்திருக்கும்.

அப்பா அம்மாவுக்கு என் அன்பு.
உன் தங்கை வெனிலா


விழுப்புரம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள வெனிலா,

சுகமாக இருக்கிறாயா? இருமல் போய்விட்டது. கஷாயத்தினால் இல்லை, தானாகவே போனது.

போன ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். சிவலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாட்டு டாக்டர் அதன் வயிற்றைக் கிழித்து, பானை அளவுக்கு ஷீட் உருண்டை ஒன்றை வெளியே எடுத்து வைத்த நாளில் நீ அங்கே இல்லை. அப்பா அதைக் கழுவி மாட்டுக்கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறார். எடுத்துவிடு என்று அம்மா எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. நம் நிலத்தில் இன்னும் உழும்போதெல்லாம் பழைய ஷீட் துண்டு துண்டாக மேலே வருகிறது. வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் நிற்பது மாதிரி மினுக்குகிறது.

“கரையும்னு நீ சொல்றியாம்மா?” என்று கேட்டார். சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்றேன். “அதெல்லாம் வேணாம். நீ சொன்னா போடறேன். நீ சொல்லலன்னா சும்மா கெடக்கட்டும் நெலம்.” அதோடு நிற்கவில்லை. பக்கத்து நிலத்து அப்பாதுரையிடமும், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களிடமும் என் பெரியவ ஒண்ணு பண்ணிக்கினு இருக்கா, பாருங்க என்று சொல்லிவிட்டார். அவர்களும் அப்பா விரித்தால் விரிப்பார்கள்.

தோண்டிப் பார்த்தாயா? சீக்கிரம் எழுது.

அன்புடன்
அமல்ராணி


திண்டிவனம்
22 செப்டம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நான் சுகம். சிவலையின் விஷயம் படித்துவிட்டு அன்று முழுக்கச் செபத்தில் மனம் நிற்கவில்லை.

நேற்று தோண்டினேன். கண்ணில் பட்டதை மட்டும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். நீல நூல் பட்டைகள் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தன. தொட்டதும் ஒன்று விரலோடு கூழாக வந்தது. மண்புழு ஒன்று நடுவில் புகுந்து வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது.

சிவப்பு நூல் பட்டைகள் அப்படியே இருக்கின்றன. கொஞ்சம் மங்கலாகியிருக்கிறது, அவ்வளவுதான். கழுவினால் புதிது மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. கழுவவில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் புதைத்துவிட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்றாயே அக்கா, ஏன் இப்படி?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
வெனிலா


விழுப்புரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள வெனிலா,

நலமா? இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் அறைச் சுவரில் ஓதம் ஏறிப் புத்தகங்களையெல்லாம் கட்டில் மேல் அடுக்கிவிட்டு நான் தரையில் படுக்கிறேன்.

நீ எழுதியது உதவியாக இருந்தது. மெஷினில் வருவது கையால் ஊற்றுவதைவிடச் சற்று நெருக்கமாக இருக்கும். அதனால் நாள் பிடிக்கலாம். மண்ணின் ஈரம் போதவில்லையோ என்னவோ. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடு. இந்த மாதக் கடைசியில் பார்த்தால் போதும். அதற்கு முன் கிளற வேண்டாம்.

கோகுல் சார் அக்டோபர் முடிவதற்குள் ரிப்போர்ட் கேட்கிறார். மார்கழிப் பட்டத்துக்குள் ஷீட் வயலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். அவரும் கெட்டவர் இல்லை. சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, மெஷின் பக்கத்திலேயே பாய் போட்டுத் தூங்குகிற மனிதர்.

நன்றாகச் சாப்பிடு. மதருக்கு வணக்கம்.
அமல்ராணி


திண்டிவனம்
27 அக்டோபர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ், இன்றைக்கு இரண்டு தடவை சொல்கிறேன். எனக்கு உடம்பு, மனசு எல்லாம் சுகம்.

இந்த மாதம் எங்கள் சபையின் பெரிய தாயார் வந்திருந்தார். வருகைக்கு முந்தின வாரம் முழுக்க எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தோட்டத்தைக் கொத்தி, கூட்டி, மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். கை காய்த்துப்போய்விட்டது. அந்த அமளியில் என் குச்சியை யாரோ பிடுங்கிவிட்டார்கள். நல்லவேளை, மரத்திலிருந்து எத்தனை அடி என்று மனதில் வைத்திருந்தேன்.

நேற்று தோண்டினேன் அக்கா. ஒன்றுமே இல்லை. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. பக்கத்தில் இரண்டு முழம் தள்ளியும் தோண்டிப் பார்த்துவிட்டேன். வெறும் மண். நூல்கூட இல்லை. என்னோடு இருந்த பெண்கள் கை தட்டினார்கள். மதர் அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “உங்க அக்கா கெட்டிக்காரிதான்” என்றார்.

அப்பாவிடம் உடனே சொல்.

சந்தோஷத்துடன்
வெனிலா


விழுப்புரம்
6 நவம்பர் 2024

அன்புள்ள வெனிலா,

கடிதம் வந்தது. நன்றி. ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். வெளிநிலச் சோதனை என்ற பகுதியில் நீ எழுதியதைச் சேர்த்தேன்: “மண்ணில் பட்டைகள் எதுவும் காணப்படவில்லை.” அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். கார்த்திகை மழை விட்டதும் நம் நிலத்தில்தான் முதலில் விரிப்பார்கள். டிசம்பர் நடுவில் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அமல்ராணி


விழுப்புரம்
4 டிசம்பர் 2024

அன்புள்ள வெனிலா,

புயலில் நீங்கள் எல்லோரும் பத்திரமா? மடத்துக்குள் தண்ணீர் வந்ததா? இங்கே எங்கள் தெருவில் இடுப்பளவு. கரண்ட் வர மூன்று நாள் ஆயிற்று. அப்பா அம்மா நலம். நம்முடையது மேட்டு நிலம் என்பதால் தண்ணீர் வடிந்துவிட்டது. வரும் பதினாறாம் தேதி ஷீட் விரிப்பதாக முடிவாகியிருக்கிறது. மயிலம் பக்கத்தில் இரண்டு பேர் அவசரப்பட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தக் கடிதம் கிறிஸ்துமஸ் வரை மதர் மேசையில் இருக்கும் என்று தெரியும். உன் கைக்கு வரும்போது நம் நிலத்தில் விரித்தாகியிருக்கும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேனோ என்னவோ. ஒன்று சொல்ல நினைத்தேன். மெழுகுவத்தி முடியப்போகிறது.

உனக்குக் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து.
அக்கா


திண்டிவனம்
9 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கோழிகள் போய்விட்டன. திருவருகைக்காலத்தில் கடிதம் எழுதுகிறேன் என்று பயப்படாதே, அனுமதி வாங்கியிருக்கிறேன்.

புயலன்று சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பைக்குழி நிரம்பி வழிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு குழியிலிருந்து வந்ததையெல்லாம் நானும் லூர்து சிஸ்டரும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். பால் கவருக்கு நடுவில் சிவப்பு நூல் தெரிந்தது. இழுத்தேன். பட்டையோடு வந்தது. ஒன்று இல்லை, நான் புதைத்த சிவப்புப் பட்டைகள் அத்தனையும். நீலத்தில் முடிச்சு மட்டும் இருந்தது, பட்டை இல்லை.

“இதுவா?” என்றார் லூர்து சிஸ்டர். “பெரிய தாயார் வர்றாங்கன்னு முருங்கைகிட்ட கொத்திக்கினு இருந்தேன், மண்வெட்டியில மாட்டுச்சு. எவளோ கவரைப் பொதைச்சி வச்சிருக்காளேன்னு திட்டிக்கினே குழியில போட்டேன். ஏன், உன்னுதா?”

என் தப்பு. அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மதரிடம் போய், அக்காவுக்கு எழுத வேண்டும் என்றேன்.

“இருபத்தஞ்சுக்கு அப்புறம் எழுதேன்.”

“அதுக்குள்ள அப்பா நிலத்துல விரிச்சிடுவாங்க மதர்.”

பட்டையை வாங்கி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை. மேசை மேல் இருந்த போனை என் பக்கம் தள்ளினார்.

“வேணாம் மதர். போன்ல கேட்டா அக்கா உடனே ஒரு பதில் சொல்லிடுவா. அவ குரலைக் கேட்டா நான் நம்பிடுவேன்.”

போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “எழுது. எழுதி நீயே ஒட்டிக் குடு. இதை நான் படிக்கல. ஸ்பீட் போஸ்ட்ல போகட்டும்” என்றார்.

அதனால் இதைக் கேட்க முடிகிறது. அக்டோபரில் நூல்கூட இல்லை என்று எழுதினேன். மாவும் நாரும் மண்ணாகலாம். நைலான் நூல் எப்படி மண்ணாகும்? எனக்கு அது தோன்றவில்லை. நான் சந்தோஷத்தில் இருந்தேன். உனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

சிவப்புப் பட்டை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். கழுவித்தான் அனுப்புகிறேன்.

வெனிலா


திண்டிவனம்
27 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் மதர் எல்லோருடைய கடிதங்களையும் கொடுத்தார். நீ டிசம்பர் நாலாம் தேதி எழுதியது மட்டும்தான் எனக்கு இருந்தது. பதினாறாம் தேதி என்று எழுதியிருக்கிறாய். இன்று இருபத்தேழு. எதைச் சொல்ல உட்கார்ந்தாய் அக்கா? மெழுகுவத்தி முடிந்துவிட்டால் மறுநாள் வெளிச்சத்தில் எழுதக் கூடாதா?

பட்டைகளுக்கு ஏன் இரண்டு நிற நூல் கட்டினாய் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒரு நிறம் போதுமே. மடத்துப் பெண் பொய் சொல்லமாட்டாள், அவள் எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றுதான் என்னிடம் அனுப்பினாயா?

மதர் இதைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். பரவாயில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? அதையாவது எழுது.

வெனிலா


விழுப்புரம்
5 ஜனவரி 2025

அன்புள்ள வெனிலாவுக்கு,

அப்பா நலம். அம்மாவும் நலம். என்னைப் பற்றி முடிவில் எழுதுகிறேன்.

தெரியும். நீ அக்டோபரில் எழுதியதைப் படித்த அன்றே தெரியும். ‘நூல்கூட இல்லை’ என்ற இடத்தில் என் கண் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று புரிந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தைகளை விட்டுவிட்டு மீதியை ரிப்போர்ட்டில் எழுதினேன். அதற்கு முன்னாலும் தெரியும். மெஷினில் தாள் அறுந்து அறுந்து போகிறது என்று கோகுல் சார் ஏதோ பிளாஸ்டிக் குருணை கலந்தார். “கொஞ்சம்தான் மேடம், ஒரு கைப்பிடி” என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதில் உனக்குப் பொட்டலம் அனுப்பினேன்.

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி ஆய்வகத்துக்குப் போய் வந்தேன். பதினாறாம் தேதி நிலத்துக்குப் போனேன். அப்பா பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். டெம்போவிலிருந்து உருளைகளை இறக்கினார்கள். முதல் பாத்தி விரித்தாயிற்று. அப்பா ஓரமெல்லாம் காலால் மண் தள்ளி மூடிக்கொண்டே போனார். “பாத்துக்கோ அப்பாதுரை, இதெல்லாம் கடைசில மண்ணு. எங்க பெரியவ பண்ணது.” இரண்டாவது உருளையைத் தூக்கினார்கள்.

“நிறுத்துப்பா” என்றேன்.

“இன்னாம்மா, கோணலா போவுதா?”

“இது கரையாதுப்பா.”

வரப்பில் இருந்த அப்பாதுரை சிரித்தார். “இன்னா பொண்ணு, நேத்து வரிக்கும் கரைஞ்சிக்கினு இருந்துச்சே.”

நீ அனுப்பிய பட்டையை அப்பாவிடம் கொடுத்தேன். எங்கே இருந்தது, எத்தனை மாதம் மண்ணிலும் குழியிலும் கிடந்தது என்று சொன்னேன். இழுத்துப் பார்த்தார். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். பிறகு மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“அக்டோபர்ல.”

கோகுல் சார் என் பக்கத்தில் வந்து மெதுவாக, “மேடம், ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இருக்குது” என்றார். இருக்குது சார், அது தப்புன்னு இன்னொண்ணு எழுதி அதுலயும் போட்டுத் தர்றேன் என்றேன். அவர் டெம்போவில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவே இல்லை.

அப்பா மண்டி போட்டு, மண்ணைத் தட்டித் தட்டி, விரித்த ஷீட்டைச் சுருட்டத் தொடங்கினார். நான் மறுமுனையைப் பிடிக்கப் போனேன்.

“நீ தொடாத” என்றார்.

கடைசி வரை தனியாகவே சுருட்டினார். ஓரம் கிழிந்த சின்னச் சின்னத் துண்டுகளையும் விடாமல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். இந்த வருஷம் வெறும் மண்ணில்தான் தர்பூசணி விதைத்திருக்கிறார். களை எடுக்கும் வேலை அம்மாவின் முதுகில் விழுந்திருக்கிறது.

ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கல்லூரியில் என்னை விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆய்வு தொடருமா என்று தெரியாது. கோகுல் சார் என் போனை எடுப்பதில்லை. மயிலம் பக்கத்து இரண்டு வயல்களுக்கும் போய்ச் சொன்னேன். அங்கே செடி முளைத்துவிட்டது, இனிமேல் பிடுங்க முடியாது. அறுவடை முடிந்ததும் நானே வந்து பொறுக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லூர்து சிஸ்டரின் பக்கெட்டை அப்போது கேட்பேன்.

உன்னிடம் ஏன் அனுப்பினேன் என்று கேட்டாய். நீ நினைத்தது சரி. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தும் வேறு நல்ல காரணம் கிடைக்கவில்லை.

அப்பா கிறிஸ்துமஸ் வரை என்னிடம் பேசவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடும்போது, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இனிமே நீ சொல்லாத. சின்னவ தோண்டிப் பாத்துச் சொல்லட்டும்.”

அதனால் இன்னொரு பொட்டலம் வைத்திருக்கிறேன். எல்லாம் நான் கையால் ஊற்றியவை, குருணை இல்லாதவை. மெஷினில் ஓடாது, அறுந்து போகும், ஆனால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முருங்கைப் பக்கத்திலேயே புதை. லூர்து சிஸ்டரையும் கூட வைத்துக்கொண்டு புதை. தோண்டும்போது முதலில் நூலைத் தேடு. நூல் இருந்து பட்டை இல்லையென்றால் அப்படி எழுது. பட்டை இருந்தால், இருக்கிறது என்று எழுது. நூலும் இல்லையென்றால் யார் எடுத்தார்கள் என்று கேட்டு, அதையும் எழுது. ஒரு வார்த்தையையும் விடமாட்டேன்.

நான் சுகமாக இல்லை. ஆனால் இரவில் தூக்கம் வருகிறது.

மதர் இதை முதலில் படிப்பார். படிக்கட்டும்.

அக்கா
அமல்ராணி